தானாக நின்ற வண்டி

போன வாரம் நாம் விட்டு வந்தபோது டீச்சர் கோபத்தோடு படுக்கப் போனாள். அதே கோபத்தோடுதான் விடிந்ததும் எழுந்தாள். நடுவில் தூக்கம் என்று ஒன்று வந்து போனதாக அவளுக்கு நினைவில்லை.

கோபம் நாத்தனார் மேல். இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டீச்சர் பாடம் எடுப்பது பள்ளிக்கூடத்தில் அல்ல, காரில். கணவருடைய டிரைவிங் ஸ்கூலில் வருஷக்கணக்காக அவள்தான் கற்றுக்கொடுக்கிறாள். கணவரைத் தெருவே ‘முதலாளி’ என்று கூப்பிடும். முதல் என்று அவரிடம் இருப்பது இரண்டு பழைய கார்களும், மின்விசிறி ஓடினால் கூடவே ஆடும் ஒரு மேஜையும்தான். அவருடைய தங்கைதான் பாப்பா. பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. தலைமுடியில் பாதி வெளுத்தும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான்.

புருஷன் போன பிறகு ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பின்னறையைக் கொடுத்தார்கள். டிரைவிங் ஸ்கூலின் பழைய டயர்களும் அதே அறையில்தான் குடியிருந்தன. யாரும் ஒரு சொல் தவறிச் சொன்னதில்லை, எதிலும் குறை வைத்ததில்லை. அப்படியே விருந்தாளியாகவே அவளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லத்தில் வேன் ஓட்ட ஒரு பெண் வேண்டும் என்று செய்தி வந்தது. வேலையோடு, தனியாகப் பூட்டிக்கொள்ள ஒரு அறையும் உண்டு. பாப்பா தானே போய்க் கேட்டாள். இல்லத்தின் நிர்வாகி அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. லைசென்ஸோடு வா, வேலை உனக்குத்தான் என்றார். அதற்கான கெடு இன்றைக்கு முடிகிறது.

லைசென்ஸ்தான் கிடைத்தபாடில்லை. முதல் டெஸ்டில், வண்டியைக் கிளப்பாமலே, சாலை முழுக்கக் காலியாகட்டும் என்று நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டர் இறங்கி நடந்தே போய்விட்டார். இரண்டாவது டெஸ்டில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வர, இவள் பேசாமல் இருக்க, இன்ஸ்பெக்டரே தன் பக்கத்து பிரேக்கை மிதிக்க வேண்டியதாயிற்று. அவர் கால் வைத்தால் அத்தோடு கதை முடிந்தது. மூன்றாவது டெஸ்ட் இன்றைக்கு.

அதனால்தான் நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில், விடியற்காலையில் இன்னும் கொஞ்சம் பழகலாம் என்றாள் டீச்சர். பாப்பா நிதானமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டு, “ஆண்டவன் பாத்துப்பார் அண்ணி” என்றாள். டீச்சருக்கு எங்கிருந்து வந்ததோ, “அவருக்கு லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்டுவிட்டாள். பாப்பா பாதித் தட்டோடு எழுந்துபோனாள். முதலாளி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்று காலை டீ குடிக்கும்போதும் இறங்கவில்லை.

டெஸ்டே வேண்டாமே, எதற்கு அவளை மறுபடி அழவைப்பது என்றார் அவர். டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், தேவைக்கு மேல் சத்தமாகக் கார் கதவைச் சாத்தினாள்.

பாப்பா குளித்து, கும்பிட்டு, நெஞ்சில் கை வைத்துவிட்டு ஸ்டியரிங் பிடித்தாள். வண்டி டெஸ்ட் மைதானத்துக்குக் கிளம்பியது. நேற்றைய பேச்சைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கடைத்தெரு முனையில் வண்டி அழகாக வேகம் குறைந்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் குறுக்கே ஓட, அழகாக நின்றது. டீச்சருக்கு எரிச்சல்தான் கூடியது. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவளுக்கு டெஸ்டில் மட்டும் என்ன வந்துவிடுகிறது?

ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் டீச்சர் கேட்டாள்.

“அன்னிக்கு சைக்கிள்காரர் குறுக்க வந்தப்ப ஏன் பிரேக் மிதிக்கல? என்கூட வர்றப்ப ஒரு தடவைகூட நீ தப்பு பண்ணினதில்லையே?”

“நான் எப்பவுமே மிதிக்கிறதில்லையே அண்ணி.”

டீச்சருக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள்.

“கால் வெச்சிருப்பேன். ‘நிறுத்துப்பா’ன்னு மனசுக்குள்ள சொல்லுவேன். பெடல் தானா கீழ இறங்கும்” என்றாள் பாப்பா, கூச்சத்தோடு. “மொதல் நாள்லேர்ந்தே அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கல, பிரார்த்தனைக் கூட்டத்துல மட்டும் சொன்னேன். எல்லாரும் கண்ணத் துடைச்சுக்கிட்டாங்க.”

டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது அவளுக்கு முன்னாலிருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் இருந்தது. இன்ஜின் அணைத்த வண்டியில், மூடிய கேட்டின் முன்னால், யாருக்காக என்று தெரியாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவருக்கு ஒன்று, கற்றுக்கொடுக்கிறவருக்கு ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. இங்கே மிதித்தால் அங்கேயும் இறங்கும். பாப்பாவுக்கும் இது தெரியாமல் இல்லை. ஆனால் முதல் நாளே டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தாள், ஆபத்து வந்தால் ஒழிய என் பிரேக்கைத் தொட மாட்டேன் என்று. எல்லா மாணவர்களுக்கும் சொல்கிற வாக்குத்தான். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். பாப்பா நம்பிவிட்டாள்.

டீச்சரும் பொய் சொல்லவில்லை. தொடுவது அவளுக்கே தெரியாமல் போயிருந்தது. எத்தனையோ பேர் கையில் உயிரைக் கொடுத்து உட்கார்ந்த உடம்பு அது. வாய் ‘கடவுளே’ என்று ஆரம்பிப்பதற்குள் கால் பிரேக்கில் போய் நிற்கும். மற்ற மாணவர்கள் தாங்களும் மிதித்ததால் வித்தியாசம் தெரிந்ததில்லை. இவள் ஒருத்திதான் மிதிக்காமலே இருந்திருக்கிறாள்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விட்டால், இன்னும் சற்று நேரத்தில் இவள் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெடல் தானாக இறங்கும் என்று காத்திருப்பாள். அப்போது போவது லைசென்ஸ் மட்டுமாக இருந்தால் பரவாயில்லை.

சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. பெடலை இறக்கினது என் கால் பாப்பா, எனக்கே இப்பத்தான் தெரியும் என்று சொல்லி, ஒரு முறை மிதித்தும் காட்டினாள். பாப்பாவின் காலுக்குக் கீழே பெடல் இறங்கி ஏறியது.

பாப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்தாள். இறங்கிப் போய், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கிடந்த ஒரு சிமென்ட் கட்டையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா ரயில் போக வேண்டும்? போயிற்று. கேட் உயர்ந்தது. பின்னாலிருந்த அத்தனை வண்டிகளும் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தன. டீச்சர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர முயன்று, கியரில் புடவை மாட்டி, ஒரு வழியாக வண்டியை ஓரம் கட்டினாள். தாண்டிப் போன ஒருவர், பொம்பளைங்க வண்டி ஓட்டினா இப்படித்தான் என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார். வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும்.

அவள் பக்கத்தில் போய் நின்றதும் பாப்பா திரும்பாமலே கேட்டாள்.

“இத்தனை நாளா நான் உங்க காலுக்கா நன்றி சொல்லிட்டிருந்தேன்?”

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். பாப்பா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகலாம், டெஸ்ட் வேண்டாம், இனி அந்தக் கூட்டத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன் என்று சொல்லிக்கொண்டே போனாள். தன் நம்பிக்கையே ஊர் சிரிக்கிற கதையாகிவிட்டதே என்றாள்.

டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. தன் கால் மேல் ஆத்திரம். இப்படி நம்புகிற ஒருத்தியை நடுரோட்டில் கொண்டுவந்து உட்கார வைத்த அந்த மேலே இருப்பவர் மேலும் ஆத்திரம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவளுக்காக அவரே பெடலை இறக்கியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? கேட்டால் பதில் வராது என்பதும் கூடுதல் எரிச்சல்.

“நிஜமா சொல்லுங்க அண்ணி. ஒரு தடவைகூட அவர் இல்லியா?”

ஒரு சின்னப் பொய் போதும். பாப்பாவின் முகம் தெளிந்துவிடும். டீச்சர் அந்தப் பொய்யை நாக்கு வரை கொண்டுவந்துவிட்டு விழுங்கினாள்.

“எனக்குத் தெரியாது பாப்பா. என் கால் இருந்துச்சு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

பாப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கேட் மறுபடி இறங்க மணி அடித்தது. டீச்சர் கையைப் பிசைந்தாள். இன்ஸ்பெக்டர் யாருக்காகவும் காத்திருக்கிறவர் இல்லை.

“இல்லத்துல ஆள் வேணும்னு கேள்விப்பட்டப்ப, நானேதான் பஸ் ஏறிப் போனேன்” என்றாள் பாப்பா மெதுவாக. “அன்னிக்கு யாரும் என்னைப் பிடிச்சுத் தள்ளல. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா தனியா இருக்கற மாதிரி இல்ல.” எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “அவர் கூடவே இருக்கார். மிதிக்கிறது நான்தான் போலிருக்கு.”

வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக அவள் ஒரு உத்தரவு போட்டாள். வாழ்க்கையில் அவள் யாருக்கும் போட்ட முதல் உத்தரவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

“கால மடக்கி சீட்டு மேல வெச்சுக்குங்க அண்ணி. சம்மணம் போட்டு.”

டீச்சர் போட்டாள். ஊரறிந்த டிரைவிங் டீச்சர், தன் சொந்தக் காரின் முன்சீட்டில், பந்தியில் உட்கார்ந்தவளைப்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனாள். பக்கத்தில் வந்த பஸ்ஸின் ஜன்னலோரத்தார் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

அந்தப் பயணத்தைப்போல ஒன்றை அவள் அனுபவித்ததில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கால் கீழே இறங்கத் துடித்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். செய்வதற்கு எதுவுமே இல்லாதபோதுதான் அவளுக்கு முழுசாக ஒரு பிரார்த்தனை வந்தது. ‘கடவுளே, இவளைப் பார்த்துக்கொள்’ என்று அவள் ஒரு வாக்கியத்தை முடித்தே பல வருஷம் ஆகியிருந்தது.

சந்து ஒன்றிலிருந்து தண்ணீர் லாரி மூக்கை நீட்டியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி வெடுக்கென்று நின்றது. பெல்ட் தோளை வெட்ட, அவள் முன்னால் போய்ப் பின்னால் வந்தாள். கண்ணைத் திறந்தபோது லாரிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

“கொஞ்சம் அதிகமா மிதிச்சிட்டேன்” என்றாள் பாப்பா. அவள் கால் இன்னும் பெடல் மேலேயே இருந்தது. முகத்தில் பழைய பயம் இல்லை.

பரவாயில்லை, இனிமேல் அளவு தெரிந்துவிடும் என்றாள் டீச்சர், தோளைத் தேய்த்தபடி.

அடுத்து ரவுண்டானா. வழக்கமாகச் சாலை துடைத்தாற்போலக் காலியாகும் வரை பாப்பா நிற்கிற இடம். இன்று கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. “போறேன்பா, கூட வா” என்று வாய்விட்டே சொல்லி, அதே மூச்சில் வண்டியை உள்ளே விட்டாள்.

டெஸ்ட் மைதானத்தில் முதலாளி முன்னாலேயே வந்து தகரக் கொட்டகையின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பாப்பாவைப் பார்த்ததும், மறுபடியுமா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினார். வண்டி கேட்டைத் தாண்டிப் போய் மறைந்தது.

டீச்சர் நடந்ததைச் சொல்ல வாய் எடுத்தாள். முதலாளி முந்திக்கொண்டார்.

“காலைல அந்த இல்லத்துக்குப் போன் பண்ணினேன். பாப்பா வரலன்னு சொல்லிட்டேன்.”

அவள் உட்கார்ந்திருந்தால் எழுந்திருப்பாள். நின்றுகொண்டிருந்ததால் உட்கார்ந்தாள். அவர் தரையைப் பார்த்தே பேசினார். எப்படியும் தேறப்போவதில்லை, தோற்று வந்து நிற்கும்போது அந்த வேலையும் போயிற்றே என்று அழுவாள், நாமே வேண்டாம் என்று சொன்னதாக இருக்கட்டும் என்றுதான் செய்தாராம். நிர்வாகி அம்மா வருத்தப்பட்டாராம். வேறொரு பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளை இன்றே வரச் சொல்லிவிடுகிறேன் என்றாராம்.

“தேறிட்டா?”

“தேறினா மட்டும்? யார் யாரையோ ஏத்திக்கிட்டு ஹைவேல போவாளா? அங்க காய்ச்சல்னு படுத்தா யார் பாக்கறது?” என்றார். “அவ பொறுப்பக் கடவுள் என்கிட்ட குடுத்திருக்கார்.”

“குடுத்தவர் திருப்பிக் கேட்டா குடுக்க மாட்டீங்களா?”

அவளுக்கு நன்றாகக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் என்னவென்று கத்துவது? கேட்காமல், சொல்லாமல், பாசத்தினால்தான் அவரும் செய்திருக்கிறார். தானும் அதையேதான் செய்திருக்கிறாள். அவர் தெரிந்து செய்தார், தான் தெரியாமல் செய்தாள் என்று வித்தியாசம் சொல்லிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டவள் என்னவோ பாப்பாதான். டீச்சர் இல்லத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

வண்டி திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் நிதானமாக இறங்கினார். டீச்சரைப் பார்த்து, ரவுண்டானாவில் கொஞ்சம் அவசரப்படுகிறார், மற்றபடி சரி என்று சொல்லி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பாப்பாவிடம் கொடுத்தார்.

பாப்பா அவசரப்படுகிறாள் என்று உலகத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். அவள் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணி கால், என் கால் என்று ஒன்றும் பாதியுமாகப் பேசினாள். இப்போதே இல்லத்துக்குப் போய்க் காட்ட வேண்டும் என்றாள்.

முதலாளி மனைவியைப் பார்த்தார். சொல்லாதே என்று கெஞ்சுகிற பார்வை. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று அவள் திருப்பிப் பார்த்தாள். அவர் மேஜை துடைக்கிறவரைப்போலப் பெஞ்சைத் துடைத்தார். டீச்சர்தான் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல், போன் எடுக்கப்படாதது வரை.

பாப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அண்ணனையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று இருவரும் பயந்தார்கள். சின்ன வயதிலிருந்து அவளுக்காக ஊரோடு சண்டை போட்டவர் அவர். அவர் மேல் அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

“நான் செத்தா போயிட்டேன், என்னைக் கேக்காம பதில் சொல்ல?”

மெதுவாகத்தான் கேட்டாள். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்லதுக்குத்தான் பாப்பா என்று ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. காரின் முன்னால் போய் L போர்டைப் பிய்த்தெடுத்து அண்ணியிடம் கொடுத்தாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டாள்.

“ஏறுங்க அண்ணா. வேண்டாம்னு சொன்ன வாயால நீங்களே வந்து, பாப்பா வர்றான்னு சொல்லணும்.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவளிடமிருந்து எந்த உதவியும் வரவில்லை. பின்கதவைத் திறந்து ஏறினார். நடுவழியில் இறங்கிவிடக் கூடாதே என்று டீச்சரும் அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தாள்.

மைதானத்தின் கேட்டுக்கு வெளியே பெரிய சாலை. பஸ், லாரி, ஸ்கூட்டர் என்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இல்லம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. வரச் சொன்ன அந்த இன்னொருத்தி இந்நேரம் பாதி தூரம் வந்திருக்கலாம், வந்தே சேர்ந்திருக்கலாம்.

“அவ வந்து வேலைல சேர்ந்திருந்தா என்ன பண்ணுவ பாப்பா?” பின்னாலிருந்து முதலாளி கேட்டார். குற்றம் செய்தவரின் குரல்.

“தெரியலண்ணா” என்றாள் பாப்பா. இரண்டு பக்கமும் பார்த்தாள். வண்டியைச் சாலையில் ஏற்றினாள்.